ஏழரை மில்லிமீட்டர்

புது மேசை வந்ததிலிருந்து அவளுக்கு முதுகு ஒரு வழியாகிவிட்டது. காலையில் நிமிர்ந்து போகிறவள், மாலையில் திரும்பி வரும்போது யாரோ தொலைத்த சில்லறையைத் தரையில் தேடுகிறவள் மாதிரி நடந்து வந்தாள். வேலை அப்படி. மயக்கத்தில் கிடக்கும் முயலின் மண்டையோட்டில் மிளகு அளவுக்கு ஒரு துளை போட்டு, அதன் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். பல வருஷமாக இதையே செய்வதால் விலங்குக் கூடத்து ஆட்கள் அவளுக்கு 'மண்டையக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் அவள் காதில் விழாமல் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஆராய்ச்சி மூளைக்காய்ச்சலைப் பற்றியது. கிருமி மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் நுழைந்துவிட்டால் மூளை வீங்குகிறது. வீங்க அங்கே இடம் ஏது? மண்டையோடு எலும்பு, அது இளகிக் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் மேலே போக முடியாமல் திணறுகிறது. கிருமியைக் கொன்ற பிறகும் நோயாளி பிழைக்காமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கிருமிக்கு நல்ல மருந்து இருக்கிறது. அழுத்தத்துக்கு அப்படியொன்று இல்லை.

அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று இருந்தார் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். வேறொரு நோய்க்கு மனிதர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பழகிய மருந்து ஒன்று. அது மூளை வீக்கத்தையும் வடியவைக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. முயல்களுக்கு நோயை உண்டாக்கி, எல்லாவற்றுக்கும் கிருமிக்கான மருந்தைக் கொடுத்து, பாதி முயல்களுக்கு மட்டும் இந்தப் புது மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது. இரண்டு பக்கத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம்.

முறைப்படி பார்த்தால் இந்தப் பக்கத்து முயல் ஒன்று, அந்தப் பக்கத்து முயல் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். ஆனால் மருந்து துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. ஏதோ முத்திரை இல்லையாம். "அதுவரைக்கும் உட்கார்ந்து ஈ ஓட்டவா முடியும்? மருந்து இல்லாத முயலையெல்லாம் முதல்ல முடிச்சுடுவோம்மா" என்றார் பெரியவர். அவளும் சரி என்று தலையாட்டினாள். அந்த முயல்களை எல்லாம் முடித்த சமயத்தில்தான் பழைய மேசையின் கால் துருப்பிடித்து ஒடிந்தது. அலுவலகத்தில் யாரையோ பிடித்து, எதையோ எழுதிக் கொடுத்து, ஒரு வழியாகப் பளபளவென்று எஃகு மேசை வந்து இறங்கியது. அளவு கேட்காமல் வாங்கியது. பழைய மேசையைவிட அரைச் சாண் குட்டை. வந்ததைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது எப்போது வருமோ என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மேசை வந்த கையோடு மருந்தும் வந்தது. மருந்து கொடுத்த முதல் முயலிலேயே அழுத்தம் குறைவு. இரண்டாவதிலும் குறைவு. அடுத்தடுத்து எல்லாம் குறைவு. பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு வெளியே போய், தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. சராசரியாக ஏழரை மில்லிமீட்டர் பாதரசம் குறைந்திருந்தது. மனித மண்டைக்குள் அவ்வளவு குறைந்தால், பிழைப்பதற்கும் பிழைக்காததற்கும் நடுவில் உள்ள தூரம் அது.

ஒன்று மட்டும் இடித்தது. முயல்கள் இறந்த பிறகு மூளையை எடுத்து எடை போட்டு, உலர்த்தி மறுபடி எடை போட்டால் எவ்வளவு நீர் கோத்திருந்தது என்று தெரியும். அதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. "அது முரட்டுக் கணக்கும்மா. நுணுக்கமா இருக்கிறது அதுல தெரியாது" என்றார் பெரியவர். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. பட வேண்டும் என்று ஆசையும் இருந்தது.

கட்டுரை எழுதி அனுப்பினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த பெரிய மருத்துவமனை, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தது.

அந்தப் பிரிவில்தான் அவளுடைய நாத்தனார் நர்ஸாக இருந்தாள். அவளுடைய கணவனுக்கு, அதாவது நாத்தனாரின் அண்ணனுக்கு, கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட நாத்தனார், அண்ணன் இல்லாத வீட்டை அண்ணியோடு பங்கு போட்டுக்கொண்டாள். ஒருத்தி சமைத்தால் ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள். இரண்டு பேருக்கும் உடம்பு முடியாத நாளில் ரொட்டியும் பாலும்.

அன்று ரொட்டியும் பாலும்தான். நாத்தனார் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, உங்க மருந்து எங்க வார்டுக்கு வருதாம். பெரிய டாக்டர் சொன்னாங்க."

"கேள்விப்பட்டேன்."

"மூணாவது கட்டில்ல ஒரு பொண்ணு இருக்கு. அஞ்சு வயசு. முந்தாநாள் வந்துச்சு. தலைக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. அதுக்குத்தான் முதல்ல குடுக்கப் போறாங்க. அம்மாக்காரி கையெழுத்துப் போட்டுட்டா. எங்கிட்ட கேட்டா, இந்த மருந்து வேலை செய்யுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அண்ணி கண்டுபிடிச்ச மருந்துன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் கொட்டாவியாக மாறியது. "பெருமையடிச்சுக்கிட்டேன், போங்க."

அவள் பாலைச் சூடாக்கினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இன்னும் இரண்டே முயல் பாக்கி. கட்டுரை போய்விட்டது என்றாலும் கணக்குக்கு முழுமையாக இருக்கட்டும் என்று பெரியவர் வைத்திருந்தார். அந்த இரண்டு முயலுக்காகக்கூட இனிக் குனிய முடியாது என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பட்டறைத் தச்சரைக் கூப்பிட்டு, மேசைக் கால் நான்குக்கும் அடியில் மரக்கட்டை வைக்கச் சொன்னாள். எவ்வளவு உயரம் என்று கேட்டார். பழைய மேசை இடுப்பில் எங்கே இடிக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். கையை வைத்துக் காட்டினாள். தச்சர் வைத்துவிட்டுப் போனார். அவள் நிமிர்ந்து நின்றபடி துளை போட்டாள். எத்தனை நாளாயிற்று இப்படி நின்று! உதவிக்கு நின்ற ஆளிடம் இரண்டு வார்த்தை வேடிக்கைகூடப் பேசினாள்.

குழாயை இணைத்தாள். திரையில் அலை எழுந்தது. அழுத்தம் உயரமாக நின்றது. மருந்தே கொடுக்காத முயலுக்கு நிற்கும் உயரம்.

குழாயில் அடைப்பு இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. அழுத்தம் காட்டும் கருவியைக் காற்றுக்குத் திறந்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று பார்த்தாள். அதே குப்பிதான். சரி, ஒரு முயல் அப்படித்தான், எல்லா உயிரும் ஒன்றுபோல் இருக்குமா என்று விட்டுவிட்டாள். மதியம் கடைசி முயல். அதுவும் அதே உயரம்.

உதவியாளைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது கண் மட்டத்துக்கு முயலின் தலை வந்தது. அதன் காதருகிலிருந்து கிளம்பிய குழாய், சுவரில் திருகிய சின்னப் பலகையில் இருந்த அழுத்தமானிக்குக் கிடையாகப் போய்ச் சேர்ந்தது. நேராக, மட்டமாக. இத்தனை நாள் அந்தக் குழாய் இங்கிருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அவள் குழாயின் மேல் விரலை வைத்து மறுமுனைவரை ஓட்டிப் பார்த்தாள்.

குழாய் முழுக்கத் தண்ணீர். அழுத்தமானி முயலின் காது மட்டத்தில் இருந்தால் உள்ளது உள்ளபடி காட்டும். காதைவிட மேலே இருந்தால், இடையிலுள்ள தண்ணீரின் எடைக்குத் தக்கபடி குறைத்துக் காட்டும். பூஜ்யம் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. தினமும் பூஜ்யம் பார்த்தும் அவளுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். இந்தப் பாடத்தை அவளே எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறாள். மேசை தாழ்ந்தது, முயல் தாழ்ந்தது, சுவரில் இருந்த பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. மருந்தில்லாத முயல்கள் எல்லாம் பழைய மேசையில். மருந்து கொடுத்தவை எல்லாம் புது மேசையில். அரைச் சாண் தண்ணீர் என்பது எத்தனை மில்லிமீட்டர் பாதரசம் என்று மனக்கணக்குப் போட்டாள். ஏழரைக்கு ஒரு நூல் குறைவாக வந்தது.

மருந்து ஒன்றையும் குறைக்கவில்லை. குறைத்தது மேசை.

கட்டையை உருவிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தது. இரண்டு முயல்களைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். கட்டுரை ஏற்றாயிற்று. பெரியவர் மாலையும் கையுமாக வழியனுப்பப்படுவார். அவளுக்கும் பதவி உயர்வு வரும். மருந்தால் கெடுதல் உண்டா? பெரிதாக இல்லை. என்ன, கொடுக்கிறவர்கள் வேலை செய்கிறது என்று நம்பிக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் வேறு எதையாவது செய்யாமல் விட்டுவிடுவார்கள். மூன்றாவது கட்டில் பெண்ணுக்கு ஐந்து வயது.

எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. எடுத்து நிறுத்தவில்லை.

பெரியவர் தன் அறையில் தட்டச்சு செய்த உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் பேசப் போகும் உரை.

"சார், மேசை குட்டை" என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியும்மா. எழுதிப் போட்டிருக்கேனே. மாத்திக் குடுப்பாங்க."

"அது இல்ல சார். மேசை குட்டையானப்ப நான் அழுத்தமானியை இறக்கலை. அது பழைய உயரத்துலயே இருந்திருக்கு. நாம பார்த்த ஏழரையும் அந்த உயரம்தான். இன்னைக்கு மேசையை ஏத்திட்டுப் பார்த்தேன். ரெண்டு முயலுக்கும் குறையலை."

அவர் பேனாவை மூடினார். ரொம்ப நேரம் மூடியையே திருகிக்கொண்டிருந்தார்.

"நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க. ரெண்டு நாள் லீவு போடு. அப்புறம் பேசலாம்."

"களைச்சுத்தான் போயிருக்கேன் சார். ஆனா கணக்கு சரியா இருக்கு."

"ரெண்டே ரெண்டு முயலை வெச்சு இத்தனை நாள் உழைப்பைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?"

"வந்து பாருங்க சார்."

வந்தார். வயசான மனுஷர், தரையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அவளிடம் ஒரு வெறும் குழாயைக் கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அழுத்தமானிப் பலகையிலும் மறுமுனையை மேசைப் பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தார். கட்டையை எடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். மறுபடி கட்டையை வைக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அவள் கை கொடுத்தாள்.

"நான்தானே மாத்தி மாத்திச் செய்ய வேணாம், முதல்ல இதை முடின்னு சொன்னேன்" என்றார்.

"நானும்தான் சரின்னேன் சார்."

"மாத்திச் செஞ்சிருந்தா மேசை எவ்வளவு குட்டையா இருந்தாலும் நம்மளை ஏமாத்தியிருக்காது." அவர் முழங்காலில் ஒட்டிய ஈரத்தைத் தட்டினார். "மூளை எடை அப்பவே சொல்லுச்சு. நான்தான் முரட்டுக் கணக்குன்னேன்."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. அவள் வாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள். அது தேவைப்படவில்லை. பெரியவர் அங்கேயே நின்று மருத்துவமனைக்குத் தொலைபேசினார். இரண்டே வாக்கியம். "மருந்தைக் குடுக்காதீங்க. தப்பு எங்க பக்கம்." அந்தப் பக்கம் என்னென்னவோ கேட்டார்கள், "ஆமா", "ஆமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். அதை எழுத உட்கார்ந்தபோது, "என் பேரை முதல்ல போடு. நல்ல சேதிக்கு என் பேரை முதல்ல போட்டப்ப சும்மா இருந்தேன்ல" என்றார்.

விலங்குக் கூடத்துக்குச் சொல்லும் வேலை அவளுடையது. அங்கே கால்நடை டாக்டர் ஒரு பெண், அவளுக்குச் சமவயது. வாயைத் திறந்தால் நக்கல்தான், ஆனால் ஒவ்வொரு முயலையும் கையில் வாங்கித்தான் கொடுப்பாள். கதை முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அப்ப இத்தனையும் சும்மாதானா?" என்றாள்.

"சும்மான்னு..."

"சும்மாதானே மண்டையக்கா. நேராச் சொல்லுங்க."

"ஆமா. சும்மாதான்."

கால்நடை டாக்டர் கூண்டு ஒன்றின் தாழ்ப்பாளைத் திறந்து மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. "ஊர்ல எல்லாரும் ஏழரை எப்ப பிடிக்கும்னு பயந்துக்கிட்டு இருப்பாங்க. நாம அதை எழுதிக் கேட்டு வரவழைச்சு, நாலு கால் போட்டு நிக்க வெச்சிருக்கோம்." சிரிக்கவில்லை. "இப்ப மறுபடியும் முயல் வேணும்னு வருவீங்க."

"கொஞ்சம் போதும். மாத்தி மாத்திப் பார்த்தா கொஞ்சத்துலயே தெரிஞ்சிடும்."

"வேலை செய்யலைன்னு தெரியறதுக்கு இன்னும் கொஞ்சம்."

"தெரியாம விட்டா, வேற யாராவது எங்கேயாவது இதையே ஆரம்பத்துல இருந்து செய்வாங்க. அப்ப அவங்களும் முயல் கேப்பாங்க."

"விலங்கு அனுமதிக் குழுவுல வெச்சுப் பார்க்கலாம், போங்க" என்று கால்நடை டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்க் குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஆட்கள் செய்யும் வேலை. அன்றைக்கு அவளே செய்தாள்.

வீட்டில் நாத்தனார் இல்லை, பணியில் இருந்தாள். தொலைபேசியில் சொல்லும் விஷயமா இது? அவள் பேருந்து பிடித்து மருத்துவமனைக்கே போனாள். பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, செய்தி முன்னாலேயே வந்திருக்கிறது.

"ஏன் அண்ணி நிறுத்திட்டாங்க? டாக்டர் ஒண்ணும் சொல்லலை. வராதுன்னு மட்டும் சொன்னாங்க."

அவள் சொன்னாள். மேசை, பலகை, குழாய் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் சுவரில் சாய்ந்து கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? எங்க அண்ணி மருந்துன்னு வேற சொல்லித் தொலைச்சேன்."

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"நீங்க எதுக்கு..."

"எங்க இருக்காங்க?"

மூன்றாவது கட்டில் சன்னல் ஓரத்தில் இருந்தது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் பெண் கிடந்தாள். மொட்டையடித்த தலையில் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய். அம்மாக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி தைக்கிறவள் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திக் காய்த்த தழும்புகள். "இவங்கதான் எங்க அண்ணி" என்று நாத்தனார் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா அந்த மருந்தைக் கண்டுபிடிச்சவங்க?"

"ஆமாங்க."

"நிறுத்தச் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"ஏன்? எங்களுக்குன்னு வந்தப்பத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சா?"

குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. இவள் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மருந்து வேலை செய்யுதுன்னு நாங்க நினைச்சது தப்புங்க. அளந்த இடத்துல ஒரு தப்பு இருந்துச்சு. அது இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகு குடுத்தா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். இப்ப குடுக்கிற மருந்து எல்லாம் சரியாத்தான் குடுக்கறாங்க. அதுல ஒண்ணையும் நிறுத்தலை."

"குடுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"

"ஒண்ணும் குறையாதுங்க. அதுதான் விஷயம்."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எப்படிப் போய்க் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் தையற்காரி அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"காலையில இருந்து நான் முகம்கூடக் கழுவலை. நர்ஸம்மா எல்லாம் ஓடிக்கிட்டே இருக்காங்க. நீங்க இங்க உட்காருறீங்களா? காலைத் தேய்ச்சுக்கிட்டே இருங்க. விட்டா சில்லுனு ஆயிடுது."

உட்கார்ந்தாள். சின்னப் பாதம், உள்ளங்கைக்குள் அடங்கியது. இத்தனை வருஷம் இந்த நோயோடு மாரடித்திருக்கிறாள். இந்த நோய் வந்த ஒரு மனிதக் குழந்தையை அவள் தொட்டதே இல்லை. திரையில் ஓடிய அலை மட்டும்தான் அவளுக்குப் பழக்கமானது, அங்கே ஆய்வுக்கூடத்தில் ஓடும் அதே அலை. அதைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துத் தேய்த்தாள். தையற்காரி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது கையில் இரண்டு தேநீர் இருந்தது. ஒன்றை இவளிடம் நீட்டினாள். இருவரும் குடித்தார்கள்.

பிறகு நடந்தவை அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்ற செய்தி வெளியானதும், முன்பு வாழ்த்துச் சொன்னவர்கள் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தார்கள். அலுவலகத்தில் விசாரணை என்று ஒன்று வைத்து, மேசையை யார் கேட்டது என்பதில் ஆரம்பித்து மேசையை யார் தூக்கி வந்தது என்பதில் முடித்தார்கள். ஒருத்தருக்கும் தண்டனை இல்லை, பதவி உயர்வும் இல்லை. குழு, நீண்ட பேச்சுக்குப் பிறகு, கொஞ்சம் முயல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. கால்நடை டாக்டர் அந்தக் கூட்டத்தில் அனுமதிக்கு எதிராகப் பேசிவிட்டு, ஆதரவாகக் கை தூக்கினாள்.

இந்தத் தடவை மாற்றி மாற்றிச் செய்தார்கள். எந்த முயலுக்கு எந்த மருந்து என்று துளை போடுகிற அவளுக்கே தெரியாது. குப்பிகளைக் கால்நடை டாக்டர் கலந்து வைத்தாள். ஒவ்வொரு முயலுக்கும் பெரியவர் நேரில் வந்து, காதுக்கும் அழுத்தமானிக்கும் மட்டம் பிடித்துவிட்டுப் போனார். கடைசியில் குப்பிகளின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றும் கூடக் குறைய. மற்றபடி இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"அப்ப சரி" என்றார் பெரியவர். அவ்வளவுதான் சொன்னார். வேலை செய்யவில்லை என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அதைப் பிரசுரிக்கவும் ஆள் தேடி அலைய வேண்டியிருந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று கூட்டம் குறைவு. விருந்து முடிந்ததும் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை அவளிடம் கொடுத்துவிட்டு, "வீக்கத்தை வடிய வைக்க வேற வழி இருக்கும்மா. எனக்குத்தான் நேரம் இல்ல" என்றார். அவருக்கு அதற்குள் இன்னொரு மருந்து மனசில் ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார். கேட்டுக்கொள்ள அன்றைக்கு அவளிடம் தெம்பு இல்லை.

மூன்றாவது கட்டில் பெண் பிழைத்தாள். அழுத்தம் நாலைந்து நாள் போக்குக் காட்டிவிட்டுத் தானாக இறங்கியது. ஒரு காது கேட்காமல் போய்விட்டது. நடக்கும்போது கொஞ்சம் இழுக்கிறது. வீட்டுக்கு அனுப்பிய நாள் நாத்தனார் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, இருவரும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"போறப்ப அந்தம்மா உங்களைக் கேட்டாங்க அண்ணி. வேலையா இருப்பாங்கன்னு சொன்னேன்."

"ம்."

"எனக்கு ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கு அந்த மருந்தைக் குடுத்திருந்தாலும் இந்தப் பொண்ணு பிழைச்சிருக்கும், இல்ல?"

"பிழைச்சிருக்கும்."

"பிழைச்சதும் நாம எல்லாரும் என்ன சொல்லியிருப்போம்?"

அவள் கையிலிருந்த துணியை உதறினாள். "மருந்துதான் காப்பாத்துச்சுன்னு சொல்லியிருப்போம்."

"சாகுறவரைக்கும் சொல்லியிருப்போம். நான்தான் முதல் ஆளா சொல்லியிருப்பேன்." நாத்தனார் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கொடியை இழுத்தாள். "நினைச்சா பயமா இருக்கு அண்ணி. இதுக்கு முன்னாடி எதையெல்லாம் அப்படிச் சொல்லிட்டிருக்கோமோ."

அவளுக்கும் அதே பயம்தான். வாளியில் இன்னும் ஒரு போர்வை பாக்கி இருந்தது. தனியாகப் பிழிய முடியாத கனம். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்கினார்கள்.